'றெ' என்னும் முன்னொட்டும் எமது மூன்று சொற்களும்

மறுமலர்ச்சி, சீர்திருத்தம், புரட்சி என்னும் சொற்களின்றி ஐரோப்பிய வரலாற்றையோ இலக்கியத்தையோ நாம் பேசுவதில்லை. தமிழில் இவை ஒன்றோடொன்று உறவற்றவை. ஐரோப்பிய மொழிகளிலோ மூன்றும் 'றெ' என்னும் ஒரே இலத்தீன் முன்னொட்டைக் கொண்டவை: றெனசான்ஸ், றெபோமேஷன், றெவலூஷன். மொழிபெயர்ப்பில் இவ்வொற்றுமை மறைவதோடு அச்சொற்களை ஆண்டவர்களின் மனப்பாங்கும் மறைந்துவிடுகின்றது.

இலத்தீனில் இம்முன்னொட்டு 'பின்னோக்கி', 'மீண்டும்' என்னும் இரு பொருள்களையும் ஒருங்கே தருவது. பிரெஞ்சு மொழியில் அது இன்றும் புதிய வினைகளை ஆக்குகின்றது. இத்தாலிய மொழியில் பெரும்பாலும் 'றி' எனத் திரிந்துள்ளது. இஸ்பானியர் பேச்சில் அதனை 'மிக' என்ற பொருளிலும் வழங்குவர். ஜேர்மன் மொழி இரவற் சொற்களில் மட்டுமே அதனை ஏற்றது. தன் சொந்தச் சொற்களில் 'மீண்டும்' என்பதற்கு 'வீடர்', 'பின்னோக்கி' என்பதற்கு 'சுறூக்' என இரண்டை வைத்திருப்பதால், ஜேர்மனியர் எப்பொருளைக் கருதுகின்றனர் என்பதைத் தெரிவு செய்தே ஆகவேண்டும்.

இத்தெரிவின்மையே 'றெவலூஷன்' என்பதன் வரலாற்றைச் சுவையுடையதாக்குகின்றது. 1543இல் கொப்பர்னிக்கஸ் தம் நூற்றலைப்பில் இச்சொல்லை ஆண்டபோது அது வான்கோளங்களின் சுழற்சியை, அதாவது புறப்பட்ட இடத்துக்கே மீளும் இயக்கத்தைக் குறித்தது. அரசியலிலும் அச்சொல் முதலில் 1660இல் இங்கிலாந்தில் முடியாட்சி மீண்டதையே சுட்டியது என்பார் ஹன்னா அரென்ட் (1963). 1689இன் உரிமைப் பிரகடனமும் பண்டைய உரிமைகளை நிலைநாட்டுவதாகவே தன்னைக் கூறிக்கொண்டது. 1789இன் பின்னரே அச்சொல் திரும்பி வராத மாற்றத்துக்கு உரியதாயிற்று. 'புரட்சி' என்னும் தமிழ்ச்சொல் புரட்டுதலிலிருந்து பிறந்தது. 1789க்கு அது நன்கு பொருந்தும். ஆனால் 1688ஐயும் அதே சொல்லால் படிக்கும் மாணவன், அந்நிகழ்ச்சியை நடத்தியோர் தாம் பழையதை மீட்பதாக நம்பியதை அச்சொல்லிலிருந்து உணர வழியில்லை.

றெனசான்ஸின் நிலை வேறு. 1550இல் வசாரி கலைகளின் மறுபிறப்பை இத்தாலியச் சொல்லாற் குறித்தார். 1855இல் மிஷெலே பிரெஞ்சு வடிவத்தைத் தம் வரலாற்றின் ஒரு தொகுதிக்குத் தலைப்பாக்கினார். தம் மொழியில் நேர்ச்சொல் இருந்தும் 1860இல் புர்க்ஹார்ட் அப்பிரெஞ்சுச் சொல்லையே தலைப்பில் வைத்தார். தமிழிலோ பிறப்பு மலர்ச்சியாயிற்று. மேலும் 'மறு' பின்னோக்குவதன்று. மறுநாள் அடுத்த நாள், மறுகரை அக்கரை. 1946இல் யாழ்ப்பாணத்தில் இளம் எழுத்தாளர் 'மறுமலர்ச்சி' இதழைத் தொடங்கியபோது அப்பெயரைப் பழமைக்குத் திரும்பும் அழைப்பாக எவரும் கொண்டிரார். அது நல்ல பெயரே. எனினும் அதே சொல்லைக் கொண்டு வசாரியை அணுகுவோர், பண்டையோரிடம் திரும்புதலையே அவர் போற்றினார் என்பதைத் தனியே நினைவிற்கொள்ள வேண்டியுள்ளது.

எமது திறனாய்வுக் கட்டுரைகளில் 'மீள்வாசிப்பு', 'மறுவாசிப்பு' என்பன வேறுபாடின்றி வழங்குகின்றன. ஒரு நூல் தன் காலத்திற் கூறியதை நோக்கித் திரும்புவது முன்னையது; அதனை வேறொரு வகையில் வாசிப்பது பின்னையது. தாம் செய்வது எதுவென்பதைத் தலைப்பிலேயே உணர்த்தும் வசதி தமிழிற் கட்டுரை எழுதுவோருக்கு உண்டு; இலத்தீனின் வழிவந்த மொழிகளில் எழுதுவோருக்கு அது எளிதிற் கிட்டுவதில்லை.