சான்று கேட்காத அவகாசம்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் பெண், வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போன காரணத்தைத் துறை அறையில் நான்கு ஆசிரியர்கள் முன் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து மருத்துவச் சான்றிதழ் வாங்கியவர் அதை நீட்டிவிட்டுப் போய்விடுகிறார். உண்மையில் துயரப்பட்டவர்தான் அழுது நிரூபிக்கிறார். மனக்காயத்தை அறிந்து கற்பிக்கும் முறையை நான் ஆதரிப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் 1998இல் வெளியான ஆய்வொன்று, சுமார் 9,500 பேரிடம் கேட்டறிந்து, சிறுவயதுத் துயரங்களுக்கும் பிற்கால நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. மருத்துவத்தில் வேர்விட்ட அந்தப் பார்வை பிறகு வகுப்பறைக்கும் வந்தது. அங்கே அதிகம் பேசப்பட்டது, ‘இந்தப் பாடத்தில் வன்முறை உண்டு’ என்னும் முன்னெச்சரிக்கை. முறையின் பலவீனமான பகுதியும் அதுவே. 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், எச்சரிக்கையால் மனவேதனை குறையவில்லை. படிக்கும் முன்பே பதற்றம்தான் கூடியது.

பலம் வேறிடத்தில் இருக்கிறது. தேர்வு எப்போது, மதிப்பெண் எதற்கு என்பதெல்லாம் பருவத் தொடக்கத்திலேயே தெரிந்திருப்பது, எழுதியோ பேசியோ ஒப்படைக்கலாம் என்ற தெரிவு, கடைசி நாளுக்குப் பின்னும் சில நாள் அவகாசம்: இவை காயம்பட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்காமலே அவரைத் தாங்குகின்றன. இரவு வேலை பார்த்துவிட்டு வருபவருக்கும் பயன்படுகின்றன. வருகைப்பதிவிலும் இதே நெகிழ்வு வேண்டும். வருகைப்பதிவு குறைந்ததற்காகச் சட்ட மாணவர்களைத் தேர்வெழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2016இல் ஒரு மாணவர் தற்கொலை செய்துகொண்டதிலிருந்து தொடங்கிய வழக்கு அது. ஒன்பது ஆண்டுகள்!

ஆனாலும் இம்முறையில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. காயத்தைப் பேசும் அளவுக்குக் காயப்படுத்தியவரைப் பற்றி அது பேசுவதில்லை. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் தேர்விலும் பாகுபாட்டுக்கு ஆளானதை, அதை விசாரிக்க அமைக்கப்பட்ட தோரட் குழு 2007இல் பதிவு செய்தது. அப்படிப் பாகுபாட்டுக்கு ஆளான மாணவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பினால், நிறுவனத்தின் குற்றம் அவருடைய மனநோயாகிவிடும். அங்கே வேண்டியது விசாரணையும் தண்டனையும். ஆசிரியரை அரைகுறை உளவியலாளராக்குவதும் தவறு. மணிநேர அடிப்படையில் ஊதியம் பெறும் விரிவுரையாளர் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றுவது அநியாயம்.

சக ஆசிரியர்களே, ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. வரும் பருவத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: ஒப்படைப்புக்கு ஒரு வாரம் கூடுதல் அவகாசம் எல்லோருக்கும் உண்டு, யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.