அரங்கில் மட்டும் சந்தித்த அரசியர்

வரலாற்று நாடகத்தை மதிப்பிடப் புகுவோர் பலர், ஆசிரியர் வரலாற்றினின்று வழுவிய இடங்களை எண்ணுவதிலேயே நிறைவு கொள்வர். இவ்வளவுகோல் ஒன்றே போதுமெனின் ஜெர்மானியப் பெருங்கவிஞர் ஷில்லரின் ‘மேரி ஸ்டூவர்ட்’ தேறாது. 1800ஆம் ஆண்டு வைமார் நகரில் அரங்கேறிய அந்நாடகத்தின் உயிர்நிலையான காட்சியே கற்பனை. இங்கிலாந்து அரசி எலிசபெத்தும் ஸ்காட்லாந்து அரசி மேரியும் வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் கண்டவரல்லர். ஷில்லரோ மூன்றாம் அங்கத்தில் அவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்துகின்றார்.

அதனைப் பிழையென்று தள்ளுமுன், அவ்விருவரையும் பகைவராக்கியது யாது என வினவுதல் வேண்டும். எட்டாம் ஹென்றி மன்னன் தன் மனைவி கேத்தரினை விலக்கி, 1533இல் ஆன் போலினை மணந்தான். போப்பாண்டவர் அதற்கு இசையவில்லை. 1534இல் மன்னனே ஆங்கிலத் திருச்சபையின் தலைவனானான். ஆன் பெற்ற மகளே எலிசபெத். கத்தோலிக்கர் நோக்கில் அத்திருமணம் செல்லாதது. அதிற் பிறந்தவளுக்கு அரசுரிமையும் இல்லை. ஆதலின் 1558இல் எலிசபெத் அரியணை ஏறியபோது, ஹென்றியின் தமக்கை மார்கரெட்டின் பேர்த்தியாகிய மேரியே உரியவள் என அவருட் பலர் கருதினர். ஒரு திருமணம் செல்லுமா என்னும் சமய வினா, முடி யாருக்கு என்னும் அரசியல் வினாவாக வளர்ந்தது. 1568இல் அடைக்கலம் நாடி வந்த மேரி ஏறத்தாழ 19 ஆண்டுகள் காவலில் வைக்கப்பட்டாள். எலிசபெத்தைக் கொல்லும் சதிக்கு உடன்பட்டாள் என 1586இல் தீர்ப்பாயிற்று. 1587 பிப்ரவரி 8ஆம் நாள் போதரிங்கே கோட்டையில் அவள் தலை துணிக்கப்பட்டது.

இப்பின்னணியில் அக்கற்பனைக் காட்சியை நோக்குக. மேரி பணிந்தே தொடங்குகின்றாள். தன் உரிமையையும் துறக்க முன்வருகின்றாள். எலிசபெத் இரங்கவில்லை, இகழ்கின்றாள். பொறுமை கடந்த மேரி இறுதியில் சுட்டுவது எலிசபெத்தின் பிறப்பை. முறையற்றுப் பிறந்தவளால் அரியணை மாசுற்றது என்கின்றாள். அரை நூற்றாண்டுப் பூசலின் வேர் அங்கே வெளிப்படுகின்றது. அச்சொல்லே அவளை மாய்க்கும். ஆயினும் அதனைச் சொல்லாதிருக்க அவளால் இயலவில்லை. நிகழாத சந்திப்பு, நிகழ்ந்த வரலாற்றின் உட்பொருளைத் தெளிவாக்குகின்றது.

ஷில்லரின் மற்றொரு கற்பனைக்கு இப்பெருமை இல்லை. லெஸ்டர் பிரபு எலிசபெத்தின் அன்புக்குரியவராக விளங்கியவர். அவரை மேரிக்கு மணமுடிக்க எலிசபெத்தே ஒருகால் முயன்றதும் உண்டு. நாடகத்திலோ அவர் எலிசபெத்தை நாடிக்கொண்டே மேரியைக் காதலிக்கின்றார். இதனால் எலிசபெத்தின் சினத்தில் காதற் பொறாமை கலந்துவிடுகின்றது. லெஸ்டர் இல்லையேல் மேரி பிழைத்திருப்பாளோ என்னும் ஐயம் காண்போருக்கு எழுகின்றது. முன்னைய கற்பனை வேரைக் காட்டிற்று. இஃது அவ்வேரை மூடிவிடுகின்றது.

கற்பனைக்கு மிகுதியான தேவையே இல்லாத இடமும் ஒன்றுண்டு. 1587 பிப்ரவரி முதல் நாள் மரண ஆணையில் எலிசபெத் ஒப்பமிட்டாள். பின்னர், அதனை அனுப்பத் தான் பணிக்கவில்லை என மறுத்துச் செயலர் டேவிசனைச் சிறையிலிட்டாள். நான்காம் அங்கத்தில் ஷில்லர் இதனையே விரிக்கின்றார். அரசி ஆணையைக் கையளிக்கின்றாள். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. ஏவலன் கலங்கி நிற்கின்றான். அதிகாரம் பழியைக் கீழோர் தலையில் இறக்கிவைக்கும் முறையை இதனினும் கூர்மையாகக் காட்டுதல் அரிது.

நாடகம் எலிசபெத்தைத் தனியளாக நிறுத்தி முடிகின்றது. வரலாறு அதன்பின்னும் தொடர்ந்தது. 1603இல் அவள் மகப்பேறின்றி மறைந்தபோது, அரியணை மேரியின் மகன் ஜேம்சுக்கே சென்றது. அவனோ தாயின் கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்தவனல்லன். குருதி மேரியினது, சமயம் எலிசபெத்தினது.

வரலாற்று நாடகம் பயிலும் மாணவர், இது நிகழ்ந்ததா என்று கேட்பதோடு அமைதல் ஆகாது. இக்கற்பனை வரலாற்றின் காரணத்தை விளக்குகின்றதா, மறைக்கின்றதா என்றும் கேட்டல் வேண்டும். ஷில்லரின் நாடகம் இரண்டிற்கும் சான்று தருகின்றது. அதனாலேயே அது பாடமாகக் கொள்ளத்தக்கது.