ஒரு பைட் பின்னால்

சுருக்கிய கோப்பை விரிக்கும் நிரலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஜிப் கோப்புகளில் புழங்கும் டிஃப்ளேட் முறை, முன்பே வந்ததைத் திரும்ப எழுதாது. ‘இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட் எடுத்து வா’ என்று குறித்து வைக்கும். தூரம் 32,768 வரை, நீளம் 3 முதல் 258 வரை.

சரி, ‘1 பின்னால் போ, 258 எடு’ என்று வந்தால்? பின்னால் இருப்பதே ஒரே ஒரு பைட்தானே! ஆனாலும் அது செல்லும். எடுத்து வைத்த பைட்டே அடுத்ததற்கு மூலமாகிவிடும். வரி தன்னைத்தானே நீட்டிக்கொண்டு போகும். எவ்வளவு அழகான யோசனை!

வேகத்துக்காக எட்டெட்டு பைட்டாக அள்ளிய என் நிரல் இங்கேதான் சறுக்கியது. இன்னும் எழுதாத இடத்திலிருந்து குப்பையை வாரிவந்தது. தூரம் எட்டுக்குக் குறைந்தால் ஒவ்வொன்றாக நகர்த்தும்படி திருத்தினேன்.

சோதிக்க, கையாலேயே ஒரு குட்டிக் கோப்பு செய்தேன்: ஓர் ஆங்கில ‘ஏ’, பிறகு அந்தக் குறிப்பு. 259 ‘ஏ’ வரவேண்டும். தூரம் 7, 8, 9 வைத்து வேறு கோப்புகளையும் ஓட்டினேன். தவறு பதுங்குவது அந்த எல்லையில்தான். முதல் கோப்புக்குத் திரையில் ‘ஏ’க்கள் வரிசையாக இறங்கின. எண்ணிப் பார்த்தேன்: 259.