அன்பு என்னும் சொல்லும் அதன் எதுகையும்

பாட்டு இயற்றுவார்க்கு அருஞ்சொல்லினும் எளிய சொல்லே பெரிதும் இடர் தருவதாகும். அருஞ்சொல்லுக்கு எதுகை கிடையாதாயின் அதனை விடுத்துப் பிறிதொன்று கொள்ளலாம். பலரும் எடுத்தாளும் சொல்லையோ விடுதல் அரிது. அதற்குரிய எதுகைகளும் பலர் கைப்பட்டுத் தேய்ந்து கிடக்கின்றன. 'அன்பு' என்பது அத்தகைய சொல்.

இக்காலத்து இசைப்பாடல்கள் பலவற்றில், அன்பு என்று தொடங்கிய அடியின்பின் இன்பம் வரும், அதன்பின் துன்பம் வரும் என்று பாடுவோன் வாய் திறக்குமுன்னரே கூறிவிடலாம். அவை ஒழிந்தவிடத்து 'முன்பு', 'பின்பு' என்பன வந்து நிற்கும். இவை பொருள் குறித்து வந்தன அல்ல. இடம் நிரப்ப வந்தனவே. சிலர் 'மாண்பு' என்பதனையும் கூட்டுவர். முதலெழுத்து அளவொத்து நிற்ப, இரண்டாமெழுத்து ஒன்றி வருதலே எதுகை என்பது யாப்பருங்கலக்காரிகை முதலிய நூல்களின் துணிபு. அன்பு என்பதன் முதலெழுத்துக் குறில். மாண்பு என்பதன் முதலெழுத்து நெடில். ஆகலின் அஃது எதுகையாகாமை காண்க. அடியின் ஈற்றில் ஒலித்து இனிமை தருமெனின், அஃது இயைபின்பாற்படுமேயன்றி எதுகையாகாது.

இங்ஙனம் சொற்கள் தேய்தலைக் கண்டு, "எதுகை கருத்திற்கு இட்ட தளை, அதனை அறவே ஒழித்தல் நன்று" என்பாரும் உளர். அவர் திருக்குறளின் எட்டாம் அதிகாரமாகிய அன்புடைமையைச் சிறிது நோக்குவாராக.

அவ்வதிகாரத்துப் பத்துக் குறளுள் எட்டில் அன்பு என்னும் சொல் அடி முதற்கண் நிற்கின்றது. அவ்வெட்டனுள் நான்கில் ஆசிரியர் அமைத்த அடியெதுகை 'என்பு' என்னும் ஒரு சொல்லே. ஆயினும் அது கூறியது கூறலாய்ச் சலிப்புத் தரவில்லை. ஓரிடத்து அது அன்புடையார் பிறர்க்கு ஈயத் துணியும் உடைமை. ஓரிடத்து, ஆருயிரோடு தொடர்புற்ற உடம்பு. ஓரிடத்து, தான் இல்லாமையால் சிற்றுயிர் வெயிலில் காய்தற்கு ஏதுவாவது. ஓரிடத்து, தோல் போர்த்த வெற்றுடம்பின் பகுதி. ஒலி ஒன்று, பயன் நான்கு. மெல்லிய அன்பினை வலிய என்பொடு சேர வைத்தமையால், அன்பு நாவளவில் நிற்பதன்று, உடம்பின் உள்ளீடுவரை செல்வது என்பது புலனாகின்றது. எதுகை ஈண்டுக் கருத்தினைத் தடுத்ததோ, வளர்த்ததோ? அறிஞர் கூறுக.

ஏனை நான்கனுள் ஒன்றில் 'இன்பு' வந்தது. ஒன்றில் 'புன்கண்' வந்தது. ஒன்றில் 'நண்பு' வந்து, னகரத்திற்கு ணகரம் இனவெதுகையாயிற்று. எஞ்சிய ஒன்றில் முதலடியின் நான்காஞ்சீராகிய 'வன்பாற்கண்' ஒரூஉ எதுகையாய் அமைய, இரண்டாமடிக்கு அன்பின் எதுகையை ஆசிரியர் தேடிற்றிலர். வேண்டுமிடத்து நெகிழ்தலும், வேண்டாதவிடத்து விடுதலும் பெரும்புலவர்க்கு இயல்பு என்பது இதனாற் பெறப்படும்.

கீர்த்தனம் இயற்றுவோர் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் எதுகை அமைத்தல் நெடுங்கால வழக்கு. அதனைக் கைவிடுக என்பது எம் கருத்தன்று. எதுகைச் சொல்லை எழுதியபின், அதனை நீக்கி ஒத்த ஓசையுடைய பிறிதொன்றை அவ்விடத்து வைத்துப் பார்க்க. பொருள் சிறிதும் கெடாதாயின் முன் எழுதியது வெற்றொலி என்றறிந்து களைக. குறளில் என்பினை எடுத்துவிட்டால் அக்குறளே நில்லாது. பாட்டு நாள்தோறும் பலர் வாயிற் பயில்வது; இளஞ்சிறாரும் அதனை நெட்டுருச் செய்வர். அன்பு என்னும் சொல் அவர் செவியிற் பொருளற்ற ஓசையாய்ப் பழகிவிடின், அச்சொல்லால் உணர்த்தவேண்டிய பொருளும் அவர்க்கு எளிதிற் புலப்படாதொழியும்.