தொலைக்காட்சிப் பேயாராய்ச்சி: அதன் குணமும் குற்றமும்

பேய் உண்டோ இல்லையோ என்னும் வினா மிகப் பழையது. அதற்கு விடை கூறுதல் ஈண்டு நோக்கமன்று. அவ்வினாவை முதலாகக் கொண்டு, படக்கருவிகளோடும் அளவுமானிகளோடும் பாழடைந்த மாளிகைகளுக்கும் கைவிடப்பட்ட சிறைகளுக்கும் நள்ளிரவிலே சென்று, ஆங்குக் கண்டன கேட்டனவற்றை ஆராய்ச்சி என்னும் பெயரால் வீடுதோறும் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருகியுள்ளன. தன் செயலுக்கு ஆராய்ச்சியென்று பெயரிட்ட ஒருவன், ஆராய்ச்சிக்குரிய அளவைகளைக் கொண்டு அதனை மதிப்பிடும் உரிமையையும் பிறர்க்கு அளித்துவிட்டான். அவ்வுரிமையை நடுநிலை பிறழாது கையாளுமிடத்து, இந்நிகழ்ச்சிகளிற் குணமும் உண்டு, குற்றமும் உண்டு என்பது புலனாகும்.

இம்முயற்சி முற்றிலும் புதியதன்று. ஆவி பற்றிய செய்திகளை முறைப்பட ஆராய்வதற்கென 1882 ஆம் ஆண்டிலே இலண்டனிற் கழகமொன்று நிறுவப்பட்டது. 1936 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10 ஆந் திகதி, ஹரி பிரைஸ் என்பார் கெந்து மாகாணத்து மியோபம் என்னும் ஊரிலுள்ள பழைய வீடொன்றிலிருந்து, தம் பேயாராய்ச்சியைப் பி. பி. சி. வானொலி வாயிலாக நேரடியாக ஒலிபரப்பினார். ஆராய்ச்சியும் அரங்கமும் அன்றே கைகோத்துக் கொண்டன. பின்னர், 2002 இல் இங்கிலாந்திலே ‘மோஸ்ட் ஹோண்டெட்’ என்னும் நிகழ்ச்சியும், 2004 இல் அமெரிக்காவிலே ‘கோஸ்ட் ஹண்டர்ஸ்’ என்னும் நிகழ்ச்சியும், 2008 இல் ‘கோஸ்ட் அட்வெஞ்சர்ஸ்’ என்னும் நிகழ்ச்சியும் தோன்றின. இவை வகுத்த வழியிலேயே ஏனையவும் சென்றன.

முதற்கண் குணத்தை நோக்குவோம். தன் வீட்டிலே இரவில் காலடியோசை கேட்கின்றதென ஒருத்தி கூறினால், அயலவர் நகைப்பர். வைத்தியர் உறக்கமின்மைக்கு மருந்து எழுதுவர். இந்நிகழ்ச்சிகளோ அவளை அமரச்செய்து, அவள் கூற்றை முழுமையாகக் கேட்கின்றன. அச்சமுற்றோர் கூற்றை இகழாது கேட்டல் எவ்வாராய்ச்சிக்கும் முதற்படி. ‘கோஸ்ட் ஹண்டர்ஸ்’ நிகழ்ச்சியை நடத்திய ஜேசன் ஹோஸ், கிராண்ட் வில்சன் ஆகிய இருவரும் நீர்க்குழாய்த் தொழிலாளர். சுவருக்குள்ளே குழாய் அதிரும் ஓசையையும், தளர்ந்த கதவு தானே திறத்தலையும், காற்றுப் புகும் இடுக்கையும் அவர்கள் தம் தொழிலறிவால் இனங்காட்டிய வேளைகள் உண்டு. பேயென அஞ்சப்பட்டது பழுதுற்ற குழாயே என ஒரு குடும்பம் தெளிந்து உறங்கச் செல்லுமாயின், அது சிறிய நன்மையன்று.

இரண்டாவது குணம், மறக்கப்பட்ட இடங்களை நினைவுக்குக் கொணர்தல். பிலடெல்பியா நகரத்து ஈஸ்டேண் ஸ்டேட் சிறைச்சாலை இந்நிகழ்ச்சிகள் பலவற்றுக்குக் களமானது. 1829 இல் திறக்கப்பட்டு 1971 இல் மூடப்பட்ட அச்சிறை, கைதிகளைத் தனிமையில் அடைத்துவைத்தால் அவர்கள் தம் குற்றத்தை எண்ணித் திருந்துவர் என்னும் கொள்கையின்மேல் எழுந்தது. 1842 இல் அதனைப் பார்வையிட்ட சார்ள்ஸ் டிக்கின்ஸ், அத்தனிமையை உடல் வதையிலும் கொடியதெனக் கண்டித்தெழுதினார். வரலாற்று நூலை ஒருபோதும் திறவாத பலர் அச்சிறையின் பெயரையும் அதன் முறையையும் இந்நிகழ்ச்சிகளாலேயே முதலில் அறிந்தனர்.

இனிக் குற்றத்தை நோக்குவோம். அறிவைப் பெறும் வாயில்களாகிய அளவைகள் காட்சி, கருதல், உரை என மூன்று என்பது சைவசித்தாந்தம் பயில்வோர் யாவரும் அறிந்ததே. இந்நிகழ்ச்சிகள் அம்மூன்றினையும் மேற்கொள்வனபோலத் தோன்றி, மூன்றிலும் வழுவுகின்றன.

காட்சியளவையை முதலில் எடுத்துக்கொள்வோம். தொலைவிலே மங்கிய ஒளியில் நிற்பது கட்டையோ மனிதனோ எனத் துணியாதிருத்தல் ஐயக்காட்சி; கயிற்றைப் பாம்பெனவே துணிந்துவிடுதல் திரிபுக்காட்சி. இவ்விரண்டும் நீங்கியதே மெய்க்காட்சி. மெய்க்காட்சியை நாடுவோன் விளக்கை ஏற்றுவான். இந்நிகழ்ச்சியாளரோ, வீட்டார் பேயைக் கண்டது பட்டப்பகலிலேயாயினும், விளக்கனைத்தையும் அணைத்த பின்னரே ஆராய்ச்சி தொடங்குகின்றனர். இருளிலே கண் தடுமாறும். செவி சிற்றொலியையும் பெருக்கும். அச்சம் இரண்டுக்கும் துணைபோகும். படக்கருவியின் விளக்கொளி, கண்ணாடிவில்லைக்கு மிக அருகே மிதக்கும் தூசியிற் பட்டு மீளும்பொழுது வெண்ணிற வட்டமாகப் பதிவது ஒளியியல் அறிந்தோர்க்கு வியப்பன்று. அவ்வட்டம் ஆவியின் உருவென்று காட்டப்படுகின்றது.

ஒலியின் கதையும் இதுவே. சுவீடன் நாட்டு பிரீட்ரிக் யூர்கென்சன் 1959 இல் பறவையொலியைப் பதிவுசெய்தபொழுது, அதனிடையே மனிதக் குரல்கள் கேட்டதாகக் கூறினார். அன்று தொட்டு, ஒலிப்பதிவின் இரைச்சலினிடையே இறந்தோர் குரலைத் தேடும் வழக்கம் பரவியது. தொலைக்காட்சியிலோ அவ்விரைச்சல் ஒலிப்பதற்கு முன்னரேனும், ஒலிக்கும்பொழுதேனும், “வெளியே போ” என்பதுபோன்ற சொற்கள் திரையின் அடியில் எழுதப்படுகின்றன. எழுத்தைப் படித்தவன் செவி அதனையே கேட்கும். எழுத்தை நீக்கிவிட்டு, பத்துப்பேரைத் தனித்தனியே கேட்கச்செய்து, அவர்கள் கேட்டவற்றை ஒப்புநோக்கினால் ஐயம் எளிதில் தீரும். அங்ஙனம் செய்தால் நிகழ்ச்சியின் சுவையும் தீர்ந்துவிடும் என்பதே அச்சம் போலும்.

கருதலளவையிலே குற்றம் இன்னும் ஆழமானது. புகையுள்ள விடத்து நெருப்புண்டு, அடுக்களையிற் போல என்பது அந்வயம். நெருப்பில்லாவிடத்துப் புகையில்லை, நீர்நிலையிற் போல என்பது வியதிரேகம். இரண்டும் பொருந்தினாலன்றிப் புகையைக்கொண்டு நெருப்பைக் கருதுதல் கூடாது. பேயாராய்ச்சியாளர் மின்காந்தப் புலமானியை ஏந்தி அறைக்குட் செல்கின்றனர், அதன் விளக்கு எரிகின்றது, ஆவி வந்துவிட்டதென்கின்றனர். அம்மானி மின்கம்பியை அறிதற்கெனச் செய்யப்பட்டது. சுவரினுள்ளே ஓடும் கம்பிக்கும், அருகில் நிற்பவர் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிக்கும் அது அசையும். பேயில்லையென யாவரும் ஒப்பும் புதிய வீடொன்றிலே, அதே கருவியை, அத்தனை மணிநேரம் வைத்துப்பார்த்தல் வேண்டும். அவ்வீட்டிலும் விளக்கு எரியுமாயின், பழைய மாளிகையில் எரிந்த விளக்கு எதற்கும் சான்றாகாது. இவ்வெளிய வியதிரேகப் பரீட்சையை இந்நிகழ்ச்சிகள் செய்துகாட்டுதல் மிக அரிது.

இப்பரீட்சை இயலாததொன்றன்று. 1853 ஆம் ஆண்டிலே, ஆவியால் மேசை சுழல்கின்றதென்னும் மயக்கம் இலண்டனிற் பரவியபொழுது, மைக்கேல் பரடே மேசைக்கும் கைகளுக்குமிடையே நகரும் அட்டைகளை வைத்து, மேசையைத் தள்ளுவன கைகளே, அதுவும் கைக்குரியோர் அறியாமலே, என்று நிறுவினார். கை தள்ளுவதைச் சுட்டிக்காட்டும் முள்ளொன்றைக் கண்ணெதிரே வைத்தவுடன் மேசையின் சுழற்சி நின்றது. அவர் எவரையும் வஞ்சகரென்று கூறவில்லை. அமர்ந்தோரின் நேர்மையை ஒப்பியே அவர்தம் பிழையை விளக்கினார். அறிவும் பண்பும் ஒன்றிய ஆராய்ச்சிக்கு அது சிறந்த எடுத்துக்காட்டு.

அண்மைக்காலத்தும் அந்நெறி அறுந்துபோகவில்லை. 1998 இல் விக் தாண்டி என்னும் பொறியியலாளர், தாம் பணிபுரிந்த ஆய்வுகூடத்தில் ஏற்பட்ட நடுக்கத்துக்கும் கண்ணோரத்தே தோன்றிய சாம்பல்நிற உருவுக்கும், காற்றாடியொன்று எழுப்பிய, விநாடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகளையுடைய, செவிக்கெட்டாத ஒலியே காரணமாகலாமென எழுதினார். அக்கருத்து அழகியது, ஆயினும் அழகு சான்றாகாது. எனவே கிறிஸ்தோபர் பிரெஞ்ச் என்னும் உளவியற் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும், இலண்டனில் வெற்றறையொன்றை அமைத்து, 79 பேரை ஒவ்வொருவராக அதனுட் செல்லவிட்டு, சிலருக்கு அவ்வொலியையும், சிலருக்கு மின்காந்தப் புலத்தையும், சிலருக்கு இரண்டையும் தந்து, சிலருக்கு ஒன்றையும் தாராது பரீட்சித்து, 2009 இல் முடிவை வெளியிட்டனர். பலர் விசித்திர உணர்வுகளைக் கூறினர். அவ்வுணர்வுகளோ புலத்தோடும் ஒலியோடும் தொடர்புபடவில்லை. விசித்திரமான உணர்வு தோன்றக்கூடுமென முன்னரே அறிவிக்கப்பட்டமையே போதிய காரணமாகத் தோன்றிற்று. பேய்க்கு எதிரான விளக்கத்தையும் பேயைப்போலவே பரீட்சைக்குட்படுத்திய இச்செயலே ஆராய்ச்சியாவது.

உரையளவை ஆப்தர் வாக்கை வேண்டிநிற்பது. அஃதாவது, பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே கூறுவோன் சொல். ‘மோஸ்ட் ஹோண்டெட்’ நிகழ்ச்சியில் ஆவிகளோடு பேசுபவராகத் தோன்றியவர் டெரெக் அக்கோரா. அந்நிகழ்ச்சியிலேயே பங்குகொண்ட உளவியலாளர் கியரன் ஓகீபு, 2005 இல் ஒரு செய்தியை வெளியிட்டார். போட்மின் சிறைச்சாலையில் ‘கிறீட் கேபர்’ என்னும் காவலன் இருந்தானெனத் தாமே புனைந்த பெயரை அக்கோராவின் செவிக்கெட்டவிட்டதாகவும், பின்னர் அக்காவலனின் ஆவி படப்பிடிப்பில் வந்து பேசியதாகவும் அவர் கூறினார். அப்பெயரின் ஆங்கில எழுத்துக்களை மாற்றியடுக்கினால் ‘பொய்யன் டெரெக்’ என்னும் பொருள் தரும். அதே ஆண்டில், முறைப்பாடுகளை விசாரித்த ஒளிபரப்பு ஒழுங்குமன்றமாகிய ஒப்கொம், இந்நிகழ்ச்சி பொழுதுபோக்கேயன்றி முறையான ஆராய்ச்சியன்று எனக் கொண்டு, விதிமீறல் இல்லையெனத் தீர்த்தது. ஆராய்ச்சியன்று என்பதே விடுதலைக்குக் காரணமாயிற்று. இதனினும் கடுமையான விமரிசனத்தை எவரும் எழுதுதல் அரிது.

பொழுதுபோக்காயின் குறைகாண்பது எதற்கு என ஒருவர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை 1992 ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அவ்வாண்டு ஒக்தோபர் 31 ஆந் திகதி பி. பி. சி. ஒளிபரப்பிய ‘கோஸ்ட்வாட்ச்’ முற்றிலும் புனைந்து முன்னரே படம்பிடிக்கப்பட்ட நாடகம். ஆயினும், மக்கள் நம்பிக்கைக்குரிய அறிவிப்பாளர் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றி, நேரடிப் பேயாராய்ச்சி போல அதனை நடத்தினர். உண்மையென மயங்கி அஞ்சினோர் பலர். அந்நாடகத்தைக் கண்டு நெடுநாள் உளநோயுற்ற பத்து வயதுச் சிறுவர் இருவரைப் பற்றி, 1994 இல் பிரித்தானிய மருத்துவ இதழிலே வைத்தியர் எழுதினர். ஆராய்ச்சியின் கோலத்துக்கு அத்துணை வலிமை உண்டு. காண்போர் அஞ்சுவது பேயை மட்டுமன்று. கருவி காட்டிற்று, வல்லுநர் கூறினார் என்னும் அதிகாரத்துக்கு அடிபணிந்தும் அஞ்சுகின்றனர். அவ்வதிகாரத்தைக் கடன்வாங்கியவர், கேள்வி எழும்பொழுது மட்டும் இது விளையாட்டே எனக் கூறி நழுவுதல் நேர்மையன்று.

இன்னுமொரு குற்றம் இறந்தோரைப் பற்றியது. ஈஸ்டேண் ஸ்டேட் சிறையிலே தனிமையால் நைந்த மனிதனுக்குப் பெயரும் ஊரும் துன்பமும் இருந்தன. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அவன் வரலாறு சில நிமிடங்கள் கூறப்படுகின்றது; விளக்கணைந்தபின் அவன் வெறும் நிழலாகின்றான். ‘கோஸ்ட் அட்வெஞ்சர்ஸ்’ போன்றவற்றில் அந்நிழலை ஏசியும் அறைகூவியும் வெளிப்படுமாறு தூண்டுதலும் உண்டு. ஆவி உண்டென்று நம்புவோன் அங்ஙனம் செய்தல் கொடுமை. இல்லையென அறிவோன் செய்தல் வேடம். இடத்தை நினைவுக்குக் கொணர்ந்த குணம், மனிதனை மறக்கச்செய்யும் குற்றத்தால் இவ்வாறு தேய்கின்றது.

இக்குற்றங்கள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. பல மணிநேரப் பதிவு முக்கால் மணிநேரத்துக்குட் சுருக்கப்படுகின்றது. ஒன்றும் நிகழாத நேரம் முழுவதும் வெட்டி எறியப்படுகின்றது. எஞ்சியிருக்கும் ஓர் ஓசையும் ஓர் அசைவும் இரவு முழுவதையும் நிரப்பியனபோலத் தோன்றுகின்றன. எத்தனை மணிநேரத்தில், எத்தனை அறையில், எத்தனை முறை என்னும் கணக்கு காண்போர்க்குத் தரப்படுவதில்லை. கணக்கற்ற சான்று சான்றாகாது.

ஆகவே வேண்டப்படுவது இந்நிகழ்ச்சிகளின் ஒழிவன்று, திருத்தமே. அச்சமுற்றோரை மதித்துக் கேட்கும் பண்பு நிலைபெறுக. குழாயையும் கதவையும் ஆராய்ந்த தொழிலறிவு மேலோங்குக. அவற்றோடு விளக்கும் எரியட்டும். பேயில்லா வீடொன்றும் அருகே ஒப்புநோக்கப்படட்டும். திரையின் அடியெழுத்து நீங்கட்டும். கருவிகளை வைத்துவிட்டு விடியுமளவும் காத்திருந்து, “இவ்விரவில் ஒன்றும் நிகழவில்லை” என ஓராராய்ச்சியாளர் துணிந்து கூறும் நாளிலே, அவர் பிறிதொருநாள் “இங்கு ஏதோ நிகழ்ந்தது” எனக் கூறும் சொல் செவிசாய்த்தற்குரியதாகும். வெற்றிரவை ஒப்புக்கொள்ளாதவன் வாக்கு ஆப்தர் வாக்காதல் இல்லை.