கடைக்கண்ணால் வானம்

முதன்முதலாகத் தொலைநோக்கியில் கண்ணை வைத்த இரவில் என் வாயிலிருந்து வந்தது, "இவ்வளவுதானா?"

ஜவ்வாது மலையில், சாமை அறுவடை முடிந்து தரிசாய்க் கிடந்த ஒரு மேட்டு நிலம். மாசி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. பன்னிரண்டு பேர், மூன்று தொலைநோக்கிகள், இரண்டு ஜமக்காளம், ஒரு தூக்கு நிறைய சுக்குக் காப்பி. ஓரியன் நெபுலாவைப் போனில் ரோஜாவும் ஊதாவுமாகப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். குழாய்க்குள் தெரிந்ததோ, கண்ணாடியில் யாரோ ஊதிவிட்ட மூச்சு மாதிரி ஒரு சாம்பல் திட்டு. தொலைநோக்கிக்காரர் சிரிக்கவில்லை. "வரிசைக் கடைசில போய் நின்னு இன்னொரு தடவை வாங்க" என்றார். அதைவிட நல்ல யோசனையை இந்த விஷயத்தில் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்ததில் எங்கள் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. வானியலாளர் வைணு பாப்பு 1960களிலேயே இந்த மலையைத் தேடிப் பிடித்துவிட்டார். இங்குள்ள காவலூர் வானாய்வகத்தில் 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. யுரேனஸுக்கு வளையம் உண்டென்று 1977-ல் உலகம் அறிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நமக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. ஏறக்குறைய 12.5 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், வட துருவ நட்சத்திரமும் தெரியும், தெற்குச் சிலுவையும் தெரியும். லண்டன்காரர் என்ன விலை கொடுத்தாலும் அவர் வீட்டு மாடிக்குத் தெற்குச் சிலுவை வராது.

போவதென்றால் தை முதல் பங்குனி வரை, அமாவாசைக்கு முன்பின் சில நாட்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். கல் எங்கே, பள்ளம் எங்கே, சாணி எங்கே என்று கால் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைநோக்கியின் கண்ணாடியும் மலைக்குளிருக்குப் பழகினால்தான் பிம்பம் நடுங்காது. அந்தி மங்கியதும் மேற்கே பாருங்கள். அடிவானத்திலிருந்து கோபுரம் போலச் சாய்ந்து எழும் ஒரு மெல்லிய வெளிச்சம் தெரியலாம். ஊர் வெளிச்சமல்ல அது, கோள்கள் சுற்றும் தளத்தில் மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி. ஊர் வெளிச்சம் வடமேற்கே இருந்தது, வாணியம்பாடிப் பக்கம், ஆரஞ்சுக் கறையாக.

கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். கெடுக்க ஒரு நொடி போதும். நான் சால்வை எடுக்கக் காரின் கதவைத் திறந்தேன், உள்விளக்கு பளீரென்று எரிந்தது, பதினொரு தொண்டைகள் ஒரே நேரத்தில் "லைட்டூ!" என்றன. அரை மணி நேரப் பழக்கம் போயிற்று, எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். போனைப் பையில் போடுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றுங்கள். மங்கலைப் பார்க்கும் குச்சி செல்களை மங்கிய சிவப்பு அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

அந்த அரை மணியும் ஜமக்காளத்தில் படுத்துக் கிடக்க வேண்டிய நேரம். ஜாதகத்தில் நட்சத்திரம் என்னவென்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். அதை வானத்தில் பார்த்தவர் எத்தனை பேர்? மாசி முன்னிரவில் ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் தோளில் செம்மஞ்சளாய் எரிவது திருவாதிரை. 2019 கடைசியில் அது திடுமென்று மங்கி உலகத்தையே பதறவைத்தது, பின்னர் தேறிவிட்டது. எதிர்க் காலில் நீலவெள்ளையாக இருப்பது ரைஜெல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், நட்சத்திரத்துக்கு நிறம் உண்டென்பது அப்போதுதான் உறைக்கும். மேற்கே ரோகிணி, அதற்கும் மேற்கே கார்த்திகைக் கொத்து. தெற்கே தாழ்வாக அகத்தியர். கிழக்கே பஞ்சு மாதிரி ஒரு மங்கல் தெரிந்தால் அது பூசம். கல்யாணத்தில், நடுப்பகலில், மண்டபத்து மின்விசிறியைப் பார்த்து "அருந்ததி தெரிந்தது" என்று தலையாட்டியவர்கள், பதினொரு மணிக்கு மேல் வடகிழக்கில் ஏறும் சப்தரிஷி மண்டலத்தில் அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்ளலாம்.

இனித் தொலைநோக்கி. மரப்பெட்டியில் பீரங்கி மாதிரி நிற்பது டாப்சோனியன். அதைப் பரப்பிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்தச் சங்கத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்தும் ஒட்டுப்பலகையை அறுத்தும் தொலைநோக்கி செய்தார். அந்த ஆர்வமே காரணமாகி 1967-ல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்புறம் நடைபாதையில் அதை நிறுத்தி, போவோர் வருவோரைக் கூப்பிட்டு நிலாக் காட்டினார். எட்டு அங்குல ஆடி, இருட்டில் விரிந்த நம் கண்மணியைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். மோட்டார் இல்லாத கருவி என்பதால், கண்ணை வைத்திருக்கும்போதே நட்சத்திரம் ஓரத்துக்கு நகர்ந்து மறையும். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு இது தனிக் காட்சி. நகர்வது நட்சத்திரமல்ல, நம் காலுக்குக் கீழே இருக்கும் மலை.

குழாயைப் பிடிக்காதீர்கள். கண்வில்லையைத் தொடாதீர்கள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிவது நல்லது. இரண்டாம் தடவை நான் குனிந்தபோது தொலைநோக்கிக்காரர் சொன்னார்: "நேரா முறைக்காதீங்க. வலக்கண்ணால பாக்குறீங்கன்னா, பார்வையக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்க. பொருள் மூக்குப் பக்கமா வரட்டும்." கண்ணின் நடுப்பகுதி வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஆனது. மங்கலைப் பிடிக்கும் செல்கள் சற்றுத் தள்ளித்தான் நெருக்கமாக இருக்கின்றன. மற்றப் பக்கம் தள்ளினால் குருட்டுப் புள்ளியில் விழுந்துவிடும். தள்ளினேன். சாம்பல் திட்டு விரிந்தது. இரண்டு பக்கமும் சிறகு, நடுவே கருப்பாக ஒரு வெட்டு, வெட்டுக்குப் பக்கத்தில் ஊசி முனைகளாய் நான்கு நட்சத்திரங்கள். முழுசாய் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஏதோ ஒன்று கூடிற்று. நிறம் மட்டும் வரவில்லை. அது கேமராவின் சொத்து. சுமார் 1,340 ஒளியாண்டு தூரம், அதாவது பல்லவர் காலத்தில் கிளம்பிய ஒளி, என் கண்ணில் வந்து முடிந்தது.

பத்து மணி வாக்கில் பக்கத்துக் கொல்லைக்குக் காவலுக்குப் போகும் பெரியவர் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். "வாங்கய்யா, பாருங்க" என்று கார்த்திகைக் கொத்தைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். "ஆறுன்னுதான் நெனச்சிருந்தேன் தம்பி. உள்ள ஊரே இருக்குதே" என்றார். நான் நெபுலாவுக்குச் சொன்னது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது மலையில் பழமொழி அல்ல, வானிலை அறிக்கை. நள்ளிரவுக்கு மேல் கண்வில்லையில் பனி படியும். துணியால் துடைக்கக் கூடாது, கீறல் விழும். உரியவரிடம் சொல்லுங்கள், அவர் வெதுவெதுப்பான காற்றடித்துக் காயவைப்பார். குரங்குக் குல்லா, காலுறை, கொசு மருந்து எல்லாம் இருக்கட்டும். கிளம்ப வேண்டியவர் வண்டியைக் கிளப்புமுன் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

முடிந்தால் கிளம்பாதீர்கள். மூன்றரை மணிக்குத் தெற்கே சிலுவைக்குக் கிழக்கே, அடிவானத்துக்கு முப்பது டிகிரி உயரத்தில், ஒமேகா சென்டாரி இருக்கிறது. வெறுங்கண்ணுக்குப் புகைபடிந்த ஒற்றை நட்சத்திரம். 17,000 ஒளியாண்டு தொலைவில் சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட உருண்டை. அன்று அதற்கு ஐந்து பேர்தான் விழித்திருந்தோம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன், சாயங்காலம் முழுக்கக் கொட்டாவி விட்டவன். குனிந்தான், பார்வையை வலப்பக்கம் தள்ளினான். நட்சத்திரக் கூட்டம் ஓரத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும், கேட்காமலே குழாயை விரல் நுனியால் மெல்ல நகர்த்திக்கொண்டான். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. பின்னால் நின்ற நாங்கள் யாரும் செருமவில்லை.