காதும் காதலும்

சாயந்திரம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நீங்கள் படப்பையில் நின்று பார்க்க வேண்டும். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக கம்பெனி பஸ்கள். ஜன்னலோரம் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள். காதில் ஒயர், கையில் செல்போன், முகத்தில் எட்டு மணி நேரக் களைப்பு. குனிந்து அப்படி என்னதான் பார்க்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு குறுகுறுப்பு. கிரிக்கெட், சினிமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அனிமே, அங்கிள்” என்றாள் படப்பையில் எனக்குத் தெரிந்த வீட்டுப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜப்பானிய மொழி படிக்கிறாள். அதில் ஆச்சரியமில்லை. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸ்ஸான் ஆலை திறந்தது. கோமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா என்று ஜப்பான் இந்தப் பக்கம் கால் வைத்து வருஷக்கணக்காகிறது. ஜப்பானிய மொழி தெரிந்தால் நாலு காசு கூட வரும் என்பது இங்கே டீக்கடையில்கூடத் தெரிந்த விஷயம்.

“ஒரு காலேஜ் லவ் ஸ்டோரி இருக்கு. முதல் எபிசோட் மட்டும் பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க” என்றாள்.

கார்ட்டூனில் காதலா? நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு இது தேவையா? பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜப்பானியப் பெயர் ‘யுபிசாகி தொ ரென்ரென்’. ‘யுபிசாகி’ என்றால் விரல் நுனி. ஆங்கிலத்தில் ‘எ சைன் ஆஃப் அஃபெக்ஷன்’. சூ மோரிஷிதா என்ற புனைபெயரில் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் சித்திரத் தொடர் இது. 2019-ல் ஆரம்பித்தது. யூதா முரானோ இயக்கத்தில் 2024 ஜனவரியில் டி.வி.க்கு வந்தது. மொத்தம் 12 எபிசோட்.

கதாநாயகி யுகி, கல்லூரி மாணவி. பிறவியிலேயே காது கேட்காது. ரயிலில் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து ஏதோ வழி கேட்கிறார். இவள் தவிக்கிறாள். பக்கத்தில் ஒரு நெட்டையான பையன் குறுக்கிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லி அனுப்புகிறான். இட்சுவோமி. அதே கல்லூரி, ஊர் சுற்றி, பல பாஷை தெரிந்தவன். இவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ‘ஐயோ பாவம்’ வரவில்லை. இன்னொரு பாஷைக்காரியைப் பார்த்துவிட்ட ஆர்வம்தான் வருகிறது.

கதை இவ்வளவுதான். வில்லன் இல்லை, சண்டை இல்லை, பரம்பரைப் பகை இல்லை.

ரயில், கல்லூரி, காதல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு ‘ஒரு தலை ராகம்’. 1980. அதற்குப் பதினொரு வருஷம் கழித்து ‘இதயம்’. நம் கல்லூரிக் காதல் படங்களில் ஒரு முக்கியமான கிளையே இதுதான்: நன்றாகக் காது கேட்கும், நன்றாக வாய் பேசும் இரண்டு பேர், கடைசிவரை ஒருத்தருக்கொருத்தர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் இருப்பது. முரளி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எத்தனை ரீல் தவித்தார்! தியேட்டரே ‘சொல்லித் தொலையேன்பா’ என்று கத்தியது.

இங்கே நேர்மாறு. காது கேட்காத பெண், செல்போனில் எழுதிக் காட்டியும், உதட்டைப் படித்தும், விரலை ஆட்டியும் இருபத்து சொச்ச நிமிஷத்தில் ஒரு முழு மனிதனோடு பேசிப் பழகிவிடுகிறாள். பேச முடிவதும் பேசுவதும் வேறு வேறு என்று முதல் எபிசோடிலேயே புரிந்துவிடுகிறது.

கைகளை வரைந்திருக்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அனிமேஷனில் கை வரைவது சிரமமான வேலை. செலவைக் குறைக்க கையை பாக்கெட்டுக்குள் வைத்துவிடுவார்கள். இதில் அந்தத் தப்பித்தல் கிடையாது. விரல்தான் வசனம். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மடங்கி நிமிர்கிறது. யுகி யாருடைய உதட்டைப் படிக்கிறாளோ, அந்த உதடுகளையும் சோம்பேறித்தனமாகத் திறந்து மூடவில்லை.

சரி, குறைகள்?

முதல் குறை, இட்சுவோமி. பழகிய அன்றே அந்தப் பெண்ணின் தலையில் கை வைக்கிறான். கேட்காமல். அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்று கதை சொல்கிறது. இருக்கட்டும். ஆனால் காது கேட்காதவர்களைக் குழந்தை மாதிரி தட்டிக்கொடுப்பது நம் எல்லோருக்கும் இருக்கிற வியாதி. அதை ரொமான்ஸ் என்று காட்டும்போது எனக்கு நெருடுகிறது.

இரண்டாவது, யுகி ரொம்பத்தான் சாது. நம்ம ‘மொழி’யை நினைத்துப் பாருங்கள். 2007, ராதாமோகன் படம். ஜோதிகாவின் அர்ச்சனாவுக்கும் காது கேட்காது, பேச வராது. ஆனால் பிருத்விராஜ் அவளை முதன்முதலில் பார்க்கும்போதே, பெண்டாட்டியை அடிக்கிற ஒருத்தனை நடுத்தெருவில் வெளுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கோபத்தில் ஒரு சிட்டிகை யுகிக்குக் கொடுத்திருக்கலாம். கோபப்படக்கூட உரிமை இல்லாத நல்ல பெண்ணை நேசிப்பது சுலபம்.

மூன்றாவது, சத்தமே இல்லாத உலகம் என்று சொல்லிவிட்டு அவள் மனக்குரலும் பின்னணி இசையும் நம்மைத் தனியாக விடுவதே இல்லை. இதே ஜப்பானில் 2016-ல் நவோகோ யமாதா எடுத்த ‘எ சைலன்ட் வாய்ஸ்’, காது கேட்காத வகுப்புத் தோழியைச் சிறுவயதில் கொடுமைப்படுத்திய பையனின் குற்ற உணர்ச்சியைச் சொன்ன படம். அதில் இருந்த மௌனத்தின் கனம் இதில் இல்லை. இது பஞ்சுமிட்டாய். நல்ல பஞ்சுமிட்டாய், ஆனாலும் பஞ்சுமிட்டாய்.

நான் பி.காம். படித்தவன். வரவு செலவு பார்க்காமல் விடமாட்டேன். மேலே சொன்ன மூன்றையும் செலவில் எழுதினாலும் வரவுப் பக்கம்தான் கனமாக இருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்று. இந்த எபிசோடில் கற்றுக்கொள்ள வேண்டியவன், கேட்கிறவன். காது கேட்காதவள் அல்ல.

நாம் என்ன செய்கிறோம்? ‘செவிடன் காதில் ஊதின சங்கு’ என்று சர்வசாதாரணமாக எழுதுகிறோம். நானே நாலைந்து கட்டுரைகளில் எழுதியிருப்பேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அத்தனை பேரையும் ஒரு பழமொழிக்குள் போட்டு மூடிவிட்டோம். சைகை மொழி உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான் என்றும் இந்தப் புத்திசாலி நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. யுகியின் கை பேசுவது ஜப்பானியச் சைகை மொழி. நம்முடையது இந்தியச் சைகை மொழி. அதற்கென்று 2015-ல் டெல்லியில் ஒரு மத்திய அரசு மையமே தொடங்கினார்கள். 2021-ல் அவர்கள் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் பெருமையாக ஒப்பித்தேன். “அந்த அகராதி என் போன்லயே இருக்கு அங்கிள்” என்றாள். அவளுடைய லைனில் பக்கத்து இடத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குக் காது கேட்காதாம். எட்டு மாசம் பக்கத்தில் நின்றிருக்கிறாள். மெஷின் சத்தத்தில் எல்லோரும் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு கையால்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும் இவளுக்கு அந்தப் பெண்ணிடம் கேட்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சாப்பிட்டியா?

“ஜப்பான்காரர்கிட்ட பேச ரெண்டு வருஷமா படிக்கிறேன். பக்கத்துல நிக்கறவகிட்ட பேச ஒரு நாள்கூட படிக்கலை. இதைப் பார்த்தப்புறம்தான் உறைச்சுது.”

எனக்கும் உறைத்தது. அதனால்தான் இரண்டாவது தடவை. இந்தத் தடவை சத்தத்தை மியூட் செய்தேன். சப்டைட்டிலையும் எடுத்துவிட்டேன். ரயிலில் அந்த வெளிநாட்டுக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடினார். என்ன கேட்கிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தை முகத்தைப் பார்த்தேன். யுகியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

நீங்களும் ஒருமுறை அப்படிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிஷம் போதும்.

அப்புறம், அந்த லைனில் இப்போது எப்படி என்று போன வாரம் விசாரித்தேன். “இப்பல்லாம் சண்டையே போடறோம் அங்கிள்” என்றாள் சந்தோஷமாக.